நீலக் கதிரைகள் வந்த நேரம்

அத்தியாயம் 11

றாஸிக் ஐந்து மணிக்கு எழும்பினான். கை கால் முகம் கழுவி வுழூச் செய்து சுபஹுத் தொழுதான். பாயை மடித்து வைத்தான். குசினிக்குப் போய்க் கேத்தலை அடுப்பில் ஏற்றினான். மூன்று கோப்பை எடுத்து வைத்து இரண்டில் சீனி போட்டான். சீனி போடாதது மாமிக்கு, மனைவியின் தாய்க்கு.

பிறகு தெருமுனைக்குப் போய் இடியப்பம் வாங்கி வந்தான். இருபது. நாற்பது நாளைக்கு முன்பு வரை முப்பது. வாங்கி வந்தவர் மாமா. இடியப்பக்காரி முதல் கிழமை முழுக்கப் பழக்கத்தில் முப்பது எண்ணிவிட்டு, பத்தைத் திருப்பி எடுத்தாள். இப்போது பழகிவிட்டாள்.

ஆறரைக்கு மகள் அம்னாவை எழுப்பினான். அவளுக்கு ஐந்து வயது. முகம் கழுவும் பேசின் எட்டாது. ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு, அதில் ஏறி நின்று பல் விளக்கினாள். விளக்கி முடிந்ததும் றாஸிக் கதிரையைத் துணியால் துடைத்து, மூலையில் வைத்தான்.

ஆறே முக்காலுக்கு மாமியின் அறைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனான். மாமி இத்தா இருக்கிறார். புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி, அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. மருமகன் அந்நியன் இல்லை. மகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் அந்நியன் ஆகமாட்டான்.

"மகன்."

"ஓம் மாமி."

"புள்ள கடைசியாக் கலிமாதானே சொன்ன?"

"ஓம் மாமி. கலிமாதான்."

"அல்ஹம்துலில்லாஹ்."

அல்லாஹ் ஒருவனே என்னும் கலிமாவைச் சொல்லியபடி உயிர் பிரிவது நல்ல மௌத்து. அதைக் கேட்ட பிறகுதான் மாமி கோப்பையில் வாய் வைப்பார். பதினாலு மாதமாக இப்படித்தான். ஒரு காலை தவறியதில்லை. புருசனை அடக்கிய மறுநாள்கூடக் கேட்டார்.

றாஸிக் சொல்வது உண்மையில்லை. அவன் மனைவி நபீலா, மௌத்தான அன்று சுபஹு நேரத்தில், தாயோடு சேர்ந்து கலிமா சொன்னாள், அது உண்மை. ஆனால் கடைசியாகச் சொன்னது அதை அல்ல. கடைசியாகச் சொன்னது வேறொன்று. அதைக் கேட்டது தான் ஒருவன் மட்டுமே என்று றாஸிக் நம்பியிருந்தான்.

*

பக்கீர் முகைதீன் என்ற பெயரில் கல்முனைக்குடியில் நாலைந்து பேர் இருப்பார்கள். 'கதிரைக்காரர்' என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். கலியாணத்துக்கும் மௌத்துக்கும் கதிரை, வெயிலுக்குக் கட்டும் படங்கு, சோறு கறி ஆக்கும் கிடாரம், ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டு எல்லாம் வாடகைக்குக் கொடுத்தவர். நாற்பது நாளைக்கு முன்பு ஸ்டோரில் கதிரை கழுவிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை.

ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் நபீலா. அவள் வாப்பாவுக்கு ஒரு வருடம் முந்திப் போய்விட்டாள். றாஸிக் கலியாணம் முடித்த நாளிலிருந்து, ஊர் வழக்கப்படி, பெண் வீட்டில் இருப்பவன். பெண் போன பிறகும் மாப்பிள்ளை ஏன் இன்னும் அங்கே இருக்கிறான் என்று ஊர் இடைக்கிடை கேட்கும். அவனும் தன்னைக் கேட்டுப் பார்த்தான். ஆறரைக்கு அம்னாவை எழுப்ப வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

இன்று மாமாவின் நாற்பதாம் நாள் கத்தம், மௌத்தானவருக்காக ஓதி ஊருக்குச் சாப்பாடு கொடுக்கும் நாள். சனிக்கிழமை, கந்தோர் இல்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு இருநூறு பேர் வருவார்கள். ஆடு வந்துவிட்டது. அரிசி வந்துவிட்டது. ஓத வரும் லெப்பைக்குச் சொல்லியாகிவிட்டது.

கதிரை இல்லை.

எட்டு மணிக்கு மாமியின் தம்பி முனாஸ் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அக்காவை அங்கே தாத்தா என்பார்கள்.

"தாத்தா, இனி யோசிக்க வேணாம். கதிர சரி. அக்கரைப்பத்தால எடுத்திரிக்கன். வெள்ளக் கதிர. புத்தம் புதிசு, பொலித்தீன்கூடக் கழட்டல்ல."

மாமி அறைக்குள்ளிருந்து வந்தார். கூடப்பிறந்தவன் முன்னால் வரலாம்.

"ஆருட கதிர?"

"ஆருட கதிர எண்டா? வாடகைக் கதிர. கடையொண்டுல பேசி எடுத்த."

"முப்பது வருசம் ஊருக்கெல்லாம் கதிர போட்ட மனிசன்டா அவர். அவர்ட நாப்பதுக்கு ஊரு வந்து வேற ஆள்ட கதிரையில குந்துறதா?"

"குந்துறவன் தனக்குக் கீழ என்ன நிறம் எண்டு பாத்தா குந்துறான்?"

"அவர் பாத்த."

முனாஸ் தலையைச் சொறிந்தார். "ஸ்டோர் பூட்டிக் கிடக்கு தாத்தா. திறப்பு ஆதம்பாவாட்ட. அவன் மச்சான்ட மௌத்துக்குப் பிறகு வீட்ட உட்டு வெளிய வாறானில்ல. நான் என்ன செய்யிற? பூட்ட ஒடைக்கிறதா?"

"ஒடைச்சாத் தெரியும்."

"அப்ப வெள்ளக் கதிரதான்."

"நீ கத்தமே கூடாது எண்டு சொல்றவன். கதிரைக்கு என்னத்துக்கு இந்த அவசரம்?"

"கத்தம் கூடாது எண்டுதான் சொன்ன. ஆட்டுக்கறி கூடாது எண்டு நான் எப்ப சொன்ன?"

மாமி சிரிக்கவில்லை. ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. றாஸிக்கைப் பார்த்தார்.

"மகன், நீங்க போங்க. ஆதம்பாவாவக் கூட்டிக்கொண்டு வாங்க. கதிரய மட்டும் இல்ல. அவனயும். வளவுக்குள்ள வர வேணும்."

"வரமாட்டார் மாமி."

"கேட்டுப் பாருங்க."

றாஸிக் சேர்ட்டை மாற்றிக்கொண்டு இறங்கினான்.

*

மாமாவோடு ஸ்டோரில் வேலை செய்த ஆதம்பாவா நற்பிட்டிமுனைப் பக்கம் இருக்கிறார். கால் மணி நேர ஓட்டம்கூட இல்லை. றாஸிக் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டினான்.

மாமாவை நினைத்தான் என்று சொல்ல முடியாது. வழி முழுக்க அவர்தான் வந்துகொண்டிருந்தார். எந்தத் தெருவில் பார்த்தாலும் அவர் படங்கு கட்டிய முற்றம் ஒன்று இருந்தது.

பன்னிரண்டு மரக் கதிரையோடு தொடங்கியவர். ஒவ்வொன்றின் அடியிலும் தாரால் 'ப.மு.' என்று எழுதினார். சுனாமி அன்று ஸ்டோர் முழுக்கக் கடலோடு போனது. பத்து நாள் கழித்து, பாண்டிருப்பில் கடல் தொழில் செய்யும் சாமித்தம்பி என்பவர் வண்டிலில் ஏழு கதிரையை ஏற்றிக்கொண்டு வந்தார். "கடல்ல கிடந்தது. உங்கட எழுத்து இரிக்கி" என்றாராம். அந்த ஏழும் ஸ்டோருக்குத் திரும்பவில்லை. நேரே முகாமுக்குப் போயின, வயதானவர்கள் உட்கார.

பிறகு பிளாஸ்டிக் காலம் வந்தது. சிவப்பு முந்நூறு, நீலம் முந்நூறு வாங்கினார். சிவப்பு கலியாண வீட்டுக்கு. நீலம் மௌத்து வீட்டுக்கு. ஒன்றை மற்றதுக்கு அனுப்பமாட்டார். மார்க்கத்தில் இப்படி ஒன்றும் இல்லை, அவருடைய பிடிவாதம்தான். ஊர் அதற்குப் பழகிவிட்டது. அவருடைய லொறி ஒரு தெருவுக்குள் திரும்பினால், நிறத்தைப் பார்த்தே சனம் விசயத்தை அறிந்துகொள்ளும்.

இறக்குவதிலும் வித்தியாசம் வைத்திருந்தார். கலியாண வீட்டில் சிவப்பை அடுக்கடுக்காகத் தள்ளிவிடுவார்கள். டமார் டமாரென்று விழும். பிள்ளைகள் ஓடி வரும். நீலத்தை அப்படிச் செய்யக்கூடாது. ஒவ்வொன்றாகத் தூக்கி, நாலு காலும் ஒரே நேரத்தில் மண்ணில் படும்படி வைக்க வேண்டும். இழுக்கக்கூடாது.

"உள்ளுக்கு இரிக்கிறாக்களுக்கு நாம வந்த தெரியப்படா. வெளிய வந்து பாக்கக்குள்ள கதிர கிடக்க வேணும்" என்பார். "மௌத்து வீட்டுல ஒரு மனிசன் நிண்டுகொண்டு இரிக்கப்படா."

நபீலா சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டால் நேரே வாப்பாவின் லொறியில் ஏறி முன் சீட்டில் உட்காருவாள். அவளுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

அவள் நோயில் விழுந்தபோது மாமா வியாபாரத்தைப் பாதி ஆதம்பாவாவிடம் விட்டார். கிளினிக் நாளில் காலை நாலு மணிக்கு வேன் பிடித்து மகளைக் கொண்டுபோவார். வேனின் பின்னால் ஒரு சிவப்புக் கதிரையும் போகும். கிளினிக் வாசலில் போட்டிருக்கும் வாங்குகளில் இடம் போதாது, நிற்க வேண்டும். "என்ட புள்ள நிக்காது" என்பார். சுவரோரம் கதிரையைப் போட்டு மகளை உட்காரவைத்துவிட்டு, தான் பக்கத்தில் நிற்பார். ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம். அங்கேயுள்ள சிற்றூழியர்கள் அவரைக் கண்டால் கதிரைக்கு வழி விடுவார்கள். அந்தக் கதிரையில் ஏறி நின்றுதான் இப்போது அம்னா பல் விளக்குகிறாள்.

பதினாலு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் வைத்தியர்கள், இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். கொண்டுவந்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு முற்றத்தில் அறுபது பேர் வெயிலில் நின்றார்கள். உள்ளே அடுத்த அறையில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். பத்தரைக்கு ஆதம்பாவா லொறியில் வந்து கதிரை இறக்கினார். எல்லாம் நீலம்.

கதிரை போட்டு முடிகிற நேரத்தில்தான் நபீலா மௌத்தானாள்.

உயிர் போக முந்தி மௌத்து வீட்டுக் கதிரை வந்துவிட்டது. கேற்றடியில் ஒரு சொந்தக்காரப் பெண் ஆதம்பாவாவின் முகத்துக்கு நேரே கத்தினாள்: "கபுறு வெட்டவும் ஆள் அனுப்பிட்டியா?" அவர் தெருவுக்கு இறங்கினார். அதன் பிறகு அந்தக் கேற்றைத் தாண்டவில்லை. ஸ்டோரில் மாமாவோடு வழமைபோல வேலை செய்தார். மாமாவின் ஜனாஸாவுக்கும் கதிரை கொண்டுவந்தார், ஆனால் கேற்றுக்கு வெளியே தெரு நீளத்துக்குப் போட்டார். வளவுக்குள் ஒன்றுகூட இல்லை. ஏழாம் நாள் விடியற்காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போனவர்தான், ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார்.

*

ஆதம்பாவா முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து படங்கு தைத்துக்கொண்டிருந்தார். சாக்கு ஊசி, தடித்த நைலோன் நூல். மடியில் கிடந்தது மாமாவின் பெரிய படங்கு. வேலையை விட்டவர் அந்தக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

றாஸிக் ஸலாம் சொன்னான். அவர் பதில் ஸலாம் சொல்லி, ஊசியைக் குத்தி நிறுத்தினார். றாஸிக் அவரை அண்ணன் முறையில் காக்கா என்பான், அவர் மாமாவைக் காக்கா என்பார்.

"இண்டைக்கு நாப்பது, காக்கா."

"தெரியும் மருமகன். நானும் எண்ணிக்கொண்டுதான் இரிக்கன்."

"கதிர வேணும்."

அவர் மடியிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினார். "லொறித் திறப்பும் இதுலதான். ஆக்களக் கூட்டிக்கொண்டு போய் ஏத்துங்க."

"மாமி உங்களையும் வரச் சொன்னா. வளவுக்குள்ள."

"ஏலா."

"ஏன்?"

"ஏன் எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

பக்கத்து வயலில் வெட்டு மெசின் ஓடும் சத்தம் கேட்டது. ஆதம்பாவா நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. உங்களுக்குச் சொல்றன். காக்கா மௌத்தாப் போயிட்டார், இனி அவர நோகாது. அண்டைக்கு நானா வரல்ல. காக்காதான் கோல் எடுத்த."

"மாமாவா?"

"ஓம். 'முத்தத்துல ஆக்கள் நிக்கிறாங்கடா ஆதம்பாவா, வெயில். கதிரய ஏத்திக்கொண்டு வா' எண்டார். அவ்வளவுதான். அண்டைக்குச் சிவப்பு முழுக்கச் சாய்ந்தமருதுல ஒரு கலியாணத்துக்குப் போயிட்டுது. ஸ்டோர்ல நீலம்தான் கிடந்த. நான் என்ன நெனைக்கிற? காக்காவே கூப்பிடுறார், வீட்டுல ஆக்கள் நிக்கிறாங்க எண்டு சொல்றார். முடிஞ்சிது எண்டு நெனச்சன்."

"மாமா ஏன் இதை ஆருக்கும் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற? பெத்த மகளுக்கு உசிர் இரிக்கக்குள்ள கதிரைக்குச் சொன்ன வாப்பா எண்டா?" அவர் தலையை ஆட்டினார். "அவர் கெட்ட எண்ணத்துல சொல்லல்ல மருமகன். சனம் நிண்டா அவருக்கு இரிப்புக் கொள்ளாது. எல்லாரும் ஓதுறாங்க, நீங்க பக்கத்துல இரிக்கிங்க, அவருக்குச் செய்ய ஒண்டும் இல்ல. தெரிஞ்ச வேலய செஞ்சார்."

"உங்கள ஏசினபோதும் பேசாம நிண்டாரே."

"நிண்டார். அடுத்த நாள்ல இருந்து ஸ்டோர்ல பிளேன்ரீ அவர்தான் ஊத்தித் தந்த. ஒரு வருசம், ஒவ்வொரு காலையும். அதுக்கு முந்தி நான்தான் ஊத்துற. அவர் தருவார், நான் வாங்கிக் குடிப்பன். இதப் பத்தி நாங்க கதைச்சது அவ்வளவுதான்."

மெசின் நின்றது. ஆதம்பாவா இப்போது நேராகப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டு தெரிய வேணும். அதத் தெரியாம அந்தக் கேற்றுக்குள்ள காலெடுத்து வைக்க என்னால ஏலா. நான் மௌத்து வீடெண்டு நெனச்சிப் பாத்துப் பாத்து வெச்சன். சத்தமில்லாம. யன்னலுக்குக் கீழயே வெச்சன். புள்ளைக்கு அந்த நேரம் உசிர் இரிந்த. அவவுக்கு… விளங்கினதா மருமகன்? நீலம் வந்திட்டுது எண்டு?"

றாஸிக்குக்குக் கேள்வி கேட்டது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. அதைச் சொல்ல எடுத்த நேரம்தான் கொஞ்சம் கூடிவிட்டது.

"இல்ல காக்கா. கலிமா சொன்னா. அதுக்குப் பிறகு நித்திர மாதிரிக் கிடந்தா. ஒண்டும் கேக்கல்ல."

"அல்லா மேல ஆணையா எண்டு நான் கேக்க மாட்டன்."

"கேக்காதீங்க."

ஆதம்பாவா அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசியைப் படங்கிலிருந்து உருவி, தொப்பியின் ஓரத்தில் குத்தினார்.

"இரிங்க. சேர்ட்டப் போட்டுட்டு வாறன்."

ஒரு பொய்க்கு இரண்டாவது பொய் துணைக்கு வந்திருந்தது. றாஸிக் அதைப் பற்றி ஒன்றும் உணரவில்லை. மோட்டார் சைக்கிளின் சீட் வெயிலில் சுட்டது. அதைத்தான் உணர்ந்தான்.

*

மூன்று மணிக்கு அந்தச் சின்னத் தெருவில் இரண்டு லொறி முகத்துக்கு முகம் நின்றன. ஒன்றில் முனாஸ் பேசி எடுத்த வெள்ளைக் கதிரை. மற்றதில் நீலம்.

வெள்ளைக் கதிரை லொறியின் சாரதி தலையை வெளியே நீட்டி ஹோன் அடித்தான். "எடுங்க காக்கா பின்னுக்கு! எனக்கு இந்த வீட்டுக்குத்தான் ஓடர்!"

ஆதம்பாவா இறங்கவில்லை. "எனக்கும் இந்த வீடுதான்."

"ஆருட வீடு இது? ஒரு வீட்டுக்கு ரெண்டு கடைட கதிரயா?"

"கதிரைக்காரர்ட வீடு."

சாரதி முனாஸைப் பார்த்தான். "நானா, கதிரைக்காரர் பக்கீர் ஹாஜியார்ட வீட்டுக்கா எனக்கிட்டக் கதிர கேட்ட? நான் தொழில் பழகினதே அவர்ட லொறியில."

"அவர் ஹாஜியார் இல்ல" என்றார் முனாஸ். வேறு சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லைபோல.

"எனக்கு ஹாஜியார்தான்."

சாரதி லொறியைப் பின்னுக்கு எடுத்தான். தெருமுனை வரை பின்பக்கமாகவே போய், அங்கே நிறுத்திவிட்டு, நடந்து திரும்பி வந்து நீலக் கதிரை இறக்கக் கை கொடுத்தான். "பொலித்தீன் கழட்டாத கதிர" என்று முனாஸ் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஆதம்பாவா முதல் இரண்டு கதிரையைத் தூக்கிக்கொண்டு கேற்று வரை வந்தார். அங்கே கால் நின்றது.

தெரு அறைக்கும் விறாந்தைக்கும் இடையில் ஒரு பச்சைத் திரை தொங்கும். திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"ஆதம்பாவா."

"தாத்தா." மாமியை அவர் கூடப்பிறந்த மூத்தவளைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிடுவார்.

"உள்ளுக்கு வா."

அவர் வலது காலை வைத்து உள்ளே வந்தார். விறாந்தையிலிருந்து நாலு அடி தள்ளி நின்றார். கதிரைகள் இன்னும் கையிலேயே இருந்தன.

"ஒரு விசயம் கேக்கவேணும் உன்னட்ட. அண்டைக்கு உன்ன ஆரு வரச் சொன்ன?"

றாஸிக் விறாந்தைத் தூணடியில் நின்றான். ஆதம்பாவா அவன் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ஒருத்தரும் இல்ல தாத்தா. என்ட பிழைதான்."

திரை அசையவில்லை. கறிக் கிடாரத்தைத் துழாவும் சத்தம் பின்வளவிலிருந்து வந்தது.

"சரி" என்றார் மாமி. "கதிரயப் போடு."

ஆதம்பாவா முதல் கதிரையை வைத்தார். நாலு காலும் ஒன்றாக மண்ணில் பட்டன. இரண்டாவதை அதன் பக்கத்தில் வைத்தார். வெள்ளைக் கதிரைச் சாரதியும் அதேபோல வைத்தான், பழகிய கை. ஐந்து, பத்து, பதினைந்து. அறுபது பேர் நடமாடும் வளவில் கதிரைச் சத்தம் மட்டும் இல்லை.

"ஆதம்பாவா!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமி குரலை உயர்த்தி ஊர் கேட்டதில்லை.

"என்ன தாத்தா?"

"சத்தம் போட்டு வை."

"தாத்தா… நாப்பதுக் கத்தம். நீலக் கதிர…"

"தெரியும். நீ மெதுவா வைக்கிறது எனக்கு இஞ்ச கேக்குது. மறுகாவும் அதக் கேக்க என்னால ஏலா. போட்டு வை."

ஆதம்பாவாவுக்கு விளங்கவில்லை. கையில் இருந்த கதிரையைப் பார்த்தார். பிறகு, நீலக் கதிரை ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாக, பொத்தென்று மண்ணில் போட்டார். அடுத்ததையும் போட்டார். சாரதி ஒரு அடுக்கைத் தள்ளிவிட்டான். டமாரென்று விழுந்தது. அம்னா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"கலியாணமா வாப்பா?"

"இல்ல. மூத்தவாப்பாட கத்தம்" என்றான் றாஸிக்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது திரையை.

மறுகாவும் என்றார் மாமி. மறுபடியும்.

நபீலா மௌத்தான நேரம் மாமி அவளுடைய அறைக்குள் இருக்கவில்லை. மகளுக்குப் பருக்க மக்காவின் ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தார். எல்லாம் முடிந்து கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் வந்தார் என்று றாஸிக் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான். இப்போது ஒன்று ஞாபகம் வந்தது. அன்று அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது வாசல் திரைக்குக் கீழே, தரையில், ஒரு கிளாஸ் இருந்தது. நிறையத் தண்ணீர். அதைத் தட்டிவிடாமல் தாண்டிப் போனான். யார் வைத்தது, எப்போது வைத்தது என்று யோசிக்கவில்லை. அன்று யோசிக்க வேறு நிறைய இருந்தது.

*

கத்தம் ஓதி முடிந்தது. சஹனைச் சுற்றி ஆறு ஆறு பேராக இருந்து சாப்பிட்டார்கள். முனாஸ் இரண்டு தரம் இருந்தார். லெப்பை துஆவில் மாமாவின் பெயரைச் சொல்லி, "இந்த ஊரில் அவர் போட்ட கதிரையில் இருக்காத மனிதர் இல்லை" என்றார். மகளின் பெயரையும் சொன்னார். கலிமா சொல்லிப் பிரிந்தவள் என்றார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். ஆதம்பாவா உரக்கச் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து ஆமீன் வந்ததா என்று றாஸிக் காது கொடுத்தான். கேட்கவில்லை.

அந்தி மஃரிபுக்குப் பிறகு மாமியின் அறைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனான். சீனி இல்லாதது. மாமி கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"மகன்."

"ஓம் மாமி."

அவன் கேள்விக்காக நின்றான். பதில் வாயில் தயாராக இருந்தது.

"ஆதம்பாவா நல்லவன். பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு" என்றார் மாமி. "என்ட மனிசனுக்கும் தெரியாது. அதுதான் ஒரு வருசம் என்ட முகத்தப் பாக்காம இரிந்தார்."

றாஸிக் கீழே இருந்த கோப்பையைப் பார்த்தான்.

"நாளைக்குக் காலையில நான் அதக் கேக்கமாட்டன். நீங்களாச் சொல்றதெண்டாச் சொல்லுங்க. இல்லாட்டி தேத்தண்ணிய வெச்சிட்டுப் போங்க."

"சரி மாமி."

அவன் தன் அறைக்கு வந்தான். அம்னா தூங்கிவிட்டாள். மூலையில் சிவப்புக் கதிரை. வெளியே ஆதம்பாவா கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார், கழுவிக் கொண்டுபோக. றாஸிக் கட்டிலில் உட்கார்ந்தான்.

அன்று பத்தரை மணிக்கு இதே கட்டிலில் நபீலா கண்ணைத் திறந்தாள். தலையை யன்னல் பக்கம் திருப்பினாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை என்றுதான் அவனுக்குப் பட்டது.

"வாப்பா கதிர போடுறாரா?" என்றாள்.

"ஓம். ஆக்கள் நிக்கிறாங்கதானே, அவங்க இரிக்க" என்றான். அவள் அவனையே பார்த்தாள். அதனால், கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். "சிவப்புக் கதிர."

நபீலா கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்தாள். வாப்பாவின் லொறியில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகம் அது. அவன் அந்த முகத்தைப் பழைய படங்களில்தான் கண்டிருந்தான். பிறகு, சிரித்த மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"பொய் சொல்லாதீங்க மச்சான். சிவப்பெண்டா இவ்வளவு மெதுவா வைக்க மாட்டாங்க."